சுருக்கம் விழாத கால்

இடது கையில் சால்வை, வலது கையில் தேங்காய். புனேயில் யாரைக் கௌரவித்தாலும் இந்த இரண்டும் இல்லாமல் நடக்காது. மங்கள காரியாலயம் என்று இங்கே சொல்லும் கல்யாண மண்டபத்தின் மேடையோரத்தில் இரண்டையும் ஏந்திக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் தோழி மாதிரி நின்றிருந்தேன். பந்தி நடக்கும் பக்கத்திலிருந்து நெய்யில் வறுத்த ரவையின் வாசனை வந்துகொண்டிருந்தது.

சர் மைக்கைப் பிடித்திருந்தார். எங்கள் ஆஸ்பத்திரியில் ‘சர்’ என்றால் ஒருவர்தான், எலும்புப் பிரிவின் தலைவர். ஹடப்சரில் அந்த ஆஸ்பத்திரியை வளர்த்துவிட்டவர். அன்று அவர் ஓய்வுபெறும் விழா. நான் அவரிடம் பல வருடம் வேலை பார்த்துவிட்டு, விலகித் தனியாக வந்துவிட்டவள். விலகினாலும் அழைப்பிதழ் வந்தது. “அங்கே எலும்பு ஆபரேஷன் செய்த முதல் லேடி டாக்டர் நீங்கள்தான், சால்வை நீங்கள்தான் போர்த்த வேண்டும்” என்றார்கள். பெருமை என்று நினைத்துப் போனேன்.

சர் தன் அனுபவங்களைச் சொல்லிச் சபையைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். நன்றாகப் பேசுவார். திடீரென்று என் பக்கம் கையைக் காட்டி, “நம் மேடம் இருக்கிறாரே, அவருடைய ஒரு கதை” என்று ஆரம்பித்தார். எனக்கு எந்தக் கதை என்று தெரிந்துவிட்டது.

ஒரு தமிழ் நோயாளி. அவனுடைய அக்காவிடம் மேடம் தமிழில் ‘பொறுங்கள்’ என்றார். அக்காவின் காதில் ‘சீக்கிரம்’ என்று விழுந்தது. சர் இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தினார். பிறகு மராத்தியில் முத்தாய்ப்பு வைத்தார்: “தோன் மத்ராஸி பேட்லே, ஆணி பாய் கேலா!”

இரண்டு மதராஸிகள் சந்தித்தார்கள், ஒரு கால் போயிற்று.

சபை விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் ஒருவர் தொடையைத் தட்டினார். நான் தேங்காயை இறுகப் பிடித்துக்கொண்டேன். அது மட்டும் கொஞ்சம் இளசாக இருந்திருந்தால் விரல் உள்ளே போயிருக்கும்.

‘எலும்பு டாக்டருக்கு இத்தனை கோபம் ஆகாது, ரத்த அழுத்தம் ஏறும்’ என்று இந்தத் தொடரின் போன வாரத்து அத்தியாயத்தைப் படித்த வாசகர் ஒருவர் அன்போடு எச்சரித்திருந்தார். ஏறட்டும் ஐயா, மாத்திரை இருக்கிறது. இந்தக் கதையைக் கோபமில்லாமல் எனக்குச் சொல்லத் தெரியாது.

காலைத் தடவிப் பாருங்கள்

முதலில் நீங்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கம் கையை வைத்துத் தடவுங்கள். கத்தி முதுகு மாதிரி ஒரு விளிம்பு தட்டுப்படும். அங்கிருந்து உள்பக்கமாக, அதாவது அடுத்த காலைப் பார்த்த பக்கமாக விரலை நகர்த்துங்கள். தோல், உடனே எலும்பு. நடுவில் சதை என்று ஒன்று கிடையாது. கட்டில் காலில் இடித்துக்கொண்டால் உயிர் போவது அதனால்தான்.

இப்போது விளிம்பிலிருந்து வெளிப்பக்கம் வாருங்கள். மெத்தென்று தசை இருக்கும். பின்பக்கம் போனால் கெண்டைக்கால், கேட்கவே வேண்டாம்.

உடைந்த கால் எலும்பைத் தகடு வைத்துச் சேர்க்க வேண்டுமென்றால் நாங்கள் இந்த மூன்று வழிகளில் ஏதாவது ஒன்றில் உள்ளே போக வேண்டும். பின்பக்கம் போவதென்றால் நோயாளியைக் குப்புறப் போட வேண்டும். மயக்க மருந்து டாக்டர் முகத்தைச் சுளிப்பார். ரத்தக்குழாயும் நரம்பும் அங்கேதான் ஓடுகின்றன, பார்த்துப் போக வேண்டும். வெளிப்பக்கம் போனால் தசையைப் பக்குவமாக விலக்க வேண்டும், நேரம் பிடிக்கும். பெரிய எலும்பை ஒட்டி வெளிப்பக்கமாக ஓடும் சின்ன எலும்பின் கழுத்தைச் சுற்றி ஒரு நரம்பு வருகிறது, அதைத் தொட்டுவிட்டால் பாதம் தொங்கிப்போகும். உள்பக்கம்தான் சுலபம். கீறினால் எலும்பு.

சுலபமான வழியில்தான் ஆபத்து. அங்கே எலும்புக்குப் போர்வை அந்த ஒற்றைத் தோல்தான். அடிபட்டு வீங்கிய காலில் அந்தத் தோலைக் கீறித் தகட்டைத் திணித்து இழுத்துத் தைத்தால், தோல் செத்துப்போகும். தகடு வெளியே எட்டிப் பார்க்கும். அப்புறம் சீழ், அப்புறம் கால்.

ஆகவே, எந்தப் பக்கம் போனாலும் முதலில் வீக்கம் வடியக் காத்திருக்க வேண்டும். வடிந்ததா என்று எப்படித் தெரியும்? அதற்கு மெஷின் எதுவும் வேண்டாம். வீங்கிய கால் கத்தரிக்காய் மாதிரி பளபளக்கும். வீக்கம் இறங்கியதும் தோலில் சின்னச் சின்னச் சுருக்கங்கள் விழும். சுருக்கம் விழுந்தால் கத்தி எடுக்கலாம். விழாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும்.

இதெல்லாம் புதிய கண்டுபிடிப்பு ஒன்றுமில்லை. சருக்கும் தெரியும். தெரிந்ததால்தான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

செல்வமும் அவன் அக்காவும்

தொண்ணூறுகளின் பின்பாதி. புனேயை அடுத்த ரஞ்சன்காவில் தொழிற்சாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்த காலம். அங்கே ஒரு கம்பெனியில் பிட்டராக இருந்தான் செல்வம். சங்கரன்கோவில் பக்கத்துப் பையன். டிராலியிலிருந்து சரிந்த இரும்புச் சாமான் அவன் வலது காலில் விழுந்தது. தோல் கிழியவில்லை. முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு நொறுங்கிவிட்டது.

அவனுக்குப் புனேயில் இருந்த ஒரே சொந்தம் அவன் அக்கா பேச்சியம்மாள். கோர்படி ரயில்வே காலனியில் குடியிருந்தாள். கணவர் ரயில்வேயில் வேலை. வார்டுக்குள் அவள் நுழைந்தாலே நர்ஸ்கள் சிதறுவார்கள். ஒரு கையில் தூக்குவாளி, மறு கையில் பை, வாயில் இந்தியும் மராத்தியும் தமிழும் கலந்த ஒரு தனி மொழி. என் பெயர்ப் பலகையைப் பார்த்ததும் நேராக வந்து, “தமிழாம்மா நீங்க?” என்றாள். ஆமாம் என்றேன். “அப்பாடி! இனி பயமில்ல” என்று தூக்குவாளியைக் கீழே வைத்தாள்.

எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் என் தமிழ் என்ன தமிழ்? அப்பா ராணுவக் கணக்கு இலாகா. எங்கள் ஊர் கும்பகோணம் என்று சொல்லிக்கொள்வோமே தவிர நான் பிறந்து வளர்ந்ததெல்லாம் இங்கேதான். வீட்டில் பேசியது, அம்மா பிடித்து உட்கார வைத்து வாரப் பத்திரிகைகளை எழுத்துக்கூட்டிப் படிக்க வைத்தது, அவ்வளவுதான். நெல்லைத் தமிழை அதற்குமுன் நான் கேட்டதுகூட இல்லை.

செல்வத்தின் குதிகாலில் கம்பி போட்டு, எடை கட்டி, காலை உயர்த்தி வைத்திருந்தேன். மூன்றாம் நாள் பேச்சியக்கா கேட்டாள், “எப்பம்மா ஆபரேசன்?”

காலைத் தொட்டுக் காட்டினேன். பளபளவென்று இருந்தது. “சுருக்கம் வேணும்க்கா. சுருக்கம் இல்லாம கத்தி வெக்க முடியாது.”

அவள் பலமாகத் தலையாட்டினாள். “ஆமா டாக்டரம்மா. சுருக்கம்தான் முக்கியம். நானும் அதத்தான் நெனச்சேன்.”

எவ்வளவு விவரமான பெண்மணி என்று வியந்துகொண்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன்.

தமிழ்நாட்டில் இருந்து இதைப் படிக்கும் உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். ‘சுருக்கா வா’ என்றால் சீக்கிரம் வா. எனக்குச் சுருக்கம் என்றால் தோலில் விழும் மடிப்பு. அவளுக்குச் சுருக்கம் என்றால் வேகம். நான் பொறு என்றேன். அவள் காதில் விரைந்து செய் என்று விழுந்தது. இருவரும் ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டு பிரிந்தோம்.

சுத்தியல் தூக்குவாயா?

இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன், சரைப் புரிந்துகொள்ள உதவும்.

மேற்படிப்புக்கு எலும்பு சிகிச்சையைக் கேட்டபோது நேர்முகத்தில் ஒரு பெரியவர், “சுத்தியல் தூக்குவாயா அம்மா?” என்று கேட்டார். பிரசவம், குழந்தை, கண், இப்படி ஏதாவது எடுத்துக்கொள்ளலாமே என்றார். வீட்டில் அம்மாவும், “சுத்தியலா? அதுக்கு ஏண்டி இவ்ளோ படிச்சே? தச்சன்கிட்ட விட்டிருப்பேனே” என்றாள். அம்மா சொன்னதில் எனக்குக் கோபம் வரவில்லை, சிரிப்புதான் வந்தது. பெரியவர் சொன்னது இன்னும் குத்துகிறது.

சர் அப்படிக் கேட்டதில்லை. என்னை வேலைக்கு எடுத்தவர் அவர்தான். அதை மறுக்க மாட்டேன். அவருடைய கையில் வேகம் உண்டு. மற்றவர்கள் தோலைத் துடைத்து முடிப்பதற்குள் அவர் தைத்து முடித்திருப்பார் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்தப் பேச்சுதான் அவரைக் கெடுத்தது. வேகத்துக்கு ஏற்ற வழியாகத் தேட ஆரம்பித்தார். வெளிப்பக்கம் போகலாமே என்று நான் எப்போது சொன்னாலும் நோயாளியின் காலின் உள்பக்கத்தைத் தட்டிக் காட்டுவார். “ஹாட் ஹாதாலா லாக்தய். அஜூன் காய் பாஹிஜே?” எலும்பு கையிலேயே தட்டுப்படுகிறது, வேறென்ன வேண்டும்?

வேண்டியது என்னவென்று அந்த எலும்புக்குச் சொந்தக்காரனைத்தான் கேட்க வேண்டும்.

திங்கட்கிழமை

அந்த வார இறுதியில் எனக்கு விடுப்பு. திங்கட்கிழமை காலை வார்டுக்கு வந்தால் செல்வத்தின் காலில் எடை இல்லை. தொடை வரை கட்டு. கட்டின்மேல், காலின் உள்பக்கமாக, ரத்தக்கறை.

“யாரு பண்ணது?” என்றேன்.

“சர், நேற்று” என்றாள் நர்ஸ், என் முகத்தைப் பார்க்காமல்.

கட்டைப் பிரித்தேன். உள்பக்கம் நீளக் கீறல். பெட்டி கொள்ளாத துணியை அமுக்கிப் பூட்டினது மாதிரி தோலை இழுத்து இழுத்துத் தைத்திருந்தது. தையலின் இரண்டு ஓரமும் வெளிறிக் கிடந்தது. செல்வம் என்னைப் பார்த்து, “நல்லாப் பண்ணிருக்காங்களா மேடம்?” என்று கேட்டான். பார்க்கலாம் தம்பி என்று மட்டும் சொன்னேன்.

சரின் அறைக்குப் போனேன். “அந்தக் காலில் சுருக்கமே விழவில்லையே சர்?”

அவர் டீயை உறிஞ்சினார். “நேற்று ஒரு கேஸ் கேன்சல் ஆனது. தியேட்டர் சும்மா இருந்தது. கம்பெனியிலிருந்தும் போன் வந்துகொண்டே இருக்கிறது. அந்த அக்கா வேறு என் காலில் விழாத குறை. ஜல்தி கரோ, ஜல்தி கரோ, சீக்கிரம் செய்யுங்கள் என்று. நீங்கள்தான் ஜல்தி என்று சொன்னீர்களாமே?”

“நானா?”

“போய்க் கேளுங்கள்.”

போய்க் கேட்டேன். பேச்சியக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, ஆபரேஷனைச் சீக்கிரம் பண்ணணும்னு நான் எப்போ சொன்னேன்?”

“நீங்கதான சொன்னிய? சுருக்கம் வேணும், சுருக்கம் இல்லாட்டி கத்தி வைக்க முடியாதுன்னு? லேட்டாயிட்டா கத்தியே வைக்க முடியாதோன்னு நான் பயந்துபோயில்லா அந்த ஐயாட்ட ஓடுனேன்?”

என் கையின் பின்புறத் தோலைக் கிள்ளி அவளிடம் காட்டினேன். “இதுக்கா. இந்த மடிப்புக்குப் பேரு என்ன?”

“சுருக்கம்” என்றாள். தம்பியின் காலைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். ஆரஞ்சுச் சுளை கையிலேயே நசுங்கிப் போயிற்று.

“ஐயோ, நானா தம்பி காலக் கெடுத்தேன்?” என்றாள்.

இல்லை என்று சொன்னேன். அன்று சொன்னேன், அடுத்த நாள் சொன்னேன், பிறகும் எத்தனையோ தடவை சொன்னேன். அவள் காதில் ஏறவில்லை.

மத்ராஸி ஜோக்

நான் பயந்ததுதான் நடந்தது. ஒரு வாரத்தில் தையலோரம் கறுத்தது. கறுத்த தோல் கழன்று விழுந்தது. அடியில் தகடு எட்டிப் பார்த்தது. பாத்திரக்கடையில் பார்க்கிற எவர்சில்வர் பளபளப்பை ஒரு மனுஷன் காலுக்குள் பார்ப்பது எத்தனை கொடுமை என்று சொன்னால் புரியாது.

வாராந்தரக் கூட்டத்தில் இந்தக் கேஸ் வந்தது. ஜூனியர்கள், மயக்க மருந்துக்காரர்கள், எல்லோரும் இருந்தார்கள். தோல் ஏன் செத்தது என்று ஒரு ஜூனியர் கேட்டான். நல்ல கேள்வி. சர் சிரித்துக்கொண்டே சொன்னார், “அது மெடிக்கல் ப்ராப்ளம் இல்லை. லாங்வேஜ் ப்ராப்ளம்.”

அப்போதுதான் அந்த ஜோக் பிறந்தது. இரண்டு மதராஸிகள். சிரிப்பு.

நான் எழுந்தேன். “சர், எல்லோரும் ஒரு நிமிஷம் தங்கள் காலின் உள்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே இருப்பது தோல். மராத்தித் தோல், தமிழ்த் தோல் என்று தனித்தனியாக இல்லை. பாஷை தெரியாதவள் அவசரப்பட்டாள், சரி. நீங்கள் காலைப் பார்த்தீர்களே? கால் எந்தப் பாஷையில் பேசியது? நாளைக்கு ஒரு சொந்தக்காரர் வந்து உடையாத காலை அறுக்கச் சொன்னால் அறுத்துவிடுவீர்களா?”

“மேடம், டோன்ட் பி எமோஷனல்” என்றார்.

இந்த வாக்கியத்தை நான் என் வாழ்க்கையில் கேட்ட அளவுக்கு யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆண் கத்தினால் அது கண்டிப்பு. பெண் கேள்வி கேட்டால் அது எமோஷனல். செத்துக்கொண்டிருக்கிற காலைப் பார்த்து எமோஷனல் ஆகாமல் வேறெதைப் பார்த்து ஆவது?

இந்தக் கதையைச் சொல்லும்போது சிலர் என்னைத் தனியாக அழைத்து, “இருந்தாலும் அந்த வார்த்தை உங்கள் வாயிலிருந்து வந்ததுதானே?” என்பார்கள். யோசித்துப் பார்த்துவிட்டேன். வந்தது. அதனால் என்ன? வார்த்தையை நான் சொன்னேன், கத்தியை அவர் வைத்தார். வார்த்தை பட்டுத் தோல் கறுத்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை.

டாக்டர் யார்?

சீழ் உள்ளே இறங்க ஆரம்பித்தது. சர் ரவுண்ட்ஸில் கட்டிலருகே நின்று, முழங்காலோடு எடுத்துவிடலாம் என்றார். கம்பெனியில் உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுப்பார்கள், உயிருக்கு ஆபத்தில்லை என்று இந்தியில் விளக்கினார். அவர் ஏதோ பஸ் டைம் சொல்வது மாதிரிச் சொன்னார். செல்வம் போர்வையை முகம் வரை இழுத்துக்கொண்டான். இருபத்து மூன்றோ நான்கோ வயது அவனுக்கு.

போகிற போக்கில் பேச்சியக்காவைப் பார்த்து, “ஜல்தி கரோ தும் ஹி போலி தி நா?” என்றார். நீதானே சீக்கிரம் செய்யச் சொன்னாய்?

அவள் தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தாள். பிறகு நிமிர்ந்தாள். அவள் இந்தியில் ஆண்பால் பெண்பால் எல்லாம் கிடையாது. குரல் மட்டும் வார்டு முழுக்கக் கேட்டது.

“மை போலா. ஹாங், மை போலா ஜல்தி. மேரா தம்பி, மை டர் கயா, மை போலா.” கையை நீட்டி அவர் கழுத்தில் தொங்கிய ஸ்டெதாஸ்கோப்பைக் காட்டினாள். “வோ ஆப்கா கலே மே ஹை. மேரா கலே மே நஹி. டாக்டர் ஆப் ஹை கி மை ஹை?”

நான் சொன்னேன், என் தம்பி, பயந்தேன், சொன்னேன். அது உங்கள் கழுத்தில்தான் தொங்குகிறது, என் கழுத்தில் இல்லை. டாக்டர் நீங்களா, நானா?

சர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். இன்று வரை பதில் சொல்லவில்லை.

முன்னால் இல்லாத சதை

அன்று சாயங்காலமே புனேயின் கேம்ப் பகுதியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் சர்ஜனைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். காலை எடுப்பதற்கு முன் ஒரு வாய்ப்பு இருக்கிறது என்றார் அவர். தகட்டைக் கழற்றி, வெளியிலிருந்து கம்பிச் சட்டம் போட்டு எலும்பை நிறுத்துவது. சீழைச் சுத்தம் செய்வது. பிறகு பின்னால் இருக்கிற கெண்டைக்கால் தசையில் பாதியை, ரத்தக்குழாய் அறுந்துவிடாமல் முன்னால் திருப்பிக் கொண்டுவந்து எலும்பை மூடுவது.

இதைப் பேச்சியக்காவிடம் நான் விளக்க வேண்டும். எனக்கு வாயைத் திறக்கவே பயமாக இருந்தது. கெண்டைக்கால் என்றால் அவள் ஊரில் வேறு என்னவோ? அவள் கையைப் பிடித்து அவள் காலிலேயே வைத்தேன். இங்கே சதை இல்லை, இங்கே இருக்கிறது, இங்கிருந்து இங்கே என்று காட்டினேன்.

“சேல முன்னால கிழிஞ்சா, உள்ள போற மடிப்புல துணி எடுத்து ஒட்டுப் போடுத மாதிரி?” என்றாள்.

“அதேதான்க்கா.”

“அப்பம் சு...” என்று ஆரம்பித்தவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “அப்பம் வெரசாப் பண்ணுங்க. இல்ல இல்ல, உங்களுக்கு எப்பம் சரியோ அப்பம் பண்ணுங்க.”

அன்றிலிருந்து ‘சுருக்கா’ என்ற வார்த்தை அவள் வாயில் வந்து பல வருடம் நான் கேட்டதில்லை. பிழைத்தது செல்வத்தின் கால். மாதக்கணக்கில் ஆயிற்று, ஆனால் பிழைத்தது. முன்பக்கம் இரண்டாவது கெண்டைக்கால் மாதிரி ஒரு மேடு, அதன்மேல் ஒட்டுத்தோல். அழகு பார்க்கிற கால் இல்லை, நடக்கிற கால். ரஞ்சன்காவுக்கே வேலைக்குத் திரும்பினான்.

பழியிலிருந்து அவள் மட்டும் பிழைக்கவில்லை. செல்வத்தைக் காட்ட வரும்போதெல்லாம் வார்டுக்காரர்கள் “ஜல்தி வாலி பாய் ஆயி”, சீக்கிரக்காரம்மா வந்தாச்சு, என்று கிண்டல் செய்வார்கள். விளையாட்டாகத்தான் சொன்னார்களாம். அந்த விளையாட்டை யார் ஆரம்பித்து வைத்தது? அவள் சிரித்துச் சமாளிப்பாள். என் அறைக்கு வந்ததும் முகம் மாறிவிடும். “நான் ஒரு சொல்லு சொல்லி அவன் காலு இப்பிடி ஆயிட்டுல்லா” என்பாள். குற்றம் செய்தவர் ஜோக் சொல்லிக்கொண்டு திரிந்தார். பழியை இவள் தூக்கிக்கொண்டு கோர்படிக்குப் போனாள்.

மறுபடி மேடை

அதனால்தான் சொல்கிறேன், அந்த மங்கள காரியாலயத்தில் நான் கேட்டது ஜோக் அல்ல. அதே பழியை, இத்தனை வருடம் கழித்து, மாலை மரியாதையோடு மறுபடி அவள் தலையில் ஏற்றினார்கள். அதுவும் பொய். கால் போகவில்லை. போயிருக்கும், அவர் கையில் விட்டிருந்தால்.

என்னை அழைத்தார்கள். மேடை ஏறினேன். சால்வையைப் போர்த்தினேன், தேங்காயைக் கொடுத்தேன், காலில் விழவில்லை. மைக்கை வாங்கினேன். மராத்தியில்தான் பேசினேன், லாங்வேஜ் ப்ராப்ளம் வந்துவிடக் கூடாது அல்லவா?

“சர் நல்ல கதைசொல்லி. ஆனால் இந்தக் கதையில் இரண்டு இடத்தை மறந்துவிட்டார். அந்தக் கால் போகவில்லை, இன்றும் ஷூ போட்டுக்கொண்டு நடக்கிறது. இரண்டாவது, கதையின் கடைசி வரி. அந்த அக்கா சரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டார். நான் பக்கத்தில் இருந்தேன்.”

பேச்சியக்காவின் இந்தியில், அவள் சொன்ன மாதிரியே, ஒரு பால் பிழையையும் திருத்தாமல் சொன்னேன். “மை போலா. டாக்டர் ஆப் ஹை கி மை ஹை?”

ஒருவரும் சிரிக்கவில்லை. சர் தேங்காயை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இறங்கி வந்துவிட்டேன். சாப்பிடவில்லை.

வாசலில் பழைய சக டாக்டர் ஒருவர் என் பின்னாலேயே ஓடி வந்தார். “நீங்கள் சொன்னது உண்மைதான் மேடம். ஆனால் இன்றைக்கா சொல்ல வேண்டும்? இது அதற்கான நாளில்லையே” என்றார்.

“அவர் ஜோக் சொல்ல நாள் பார்த்தாரா?” என்று கேட்டுவிட்டு ஸ்கூட்டரை உதைத்தேன்.

கோர்படியில்

வீட்டுக்குப் போகவில்லை. நேரே கோர்படி. ரயில்வே கேட் போட்டிருந்தது. வழக்கம்போல ரயில் வருவதாகக் காணோம், ஸ்கூட்டர்களும் ரிக்‌ஷாக்களும் புகையைக் கக்கிக்கொண்டு நின்றன.

பேச்சியக்கா தரையில் உட்கார்ந்து வெந்தயக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். செல்வத்துக்கு அன்று ஷிப்ட் இல்லை. அரைக்கால் டிரவுசரோடு சம்மணமிட்டு, டிவியில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான். பட்டுச்சேலையில் என்னைப் பார்த்து இரண்டு பேரும் மிரண்டார்கள்.

நடந்ததைச் சொன்னேன். ஜோக்கையும் மறைக்கவில்லை.

“எல்லாரும் சிரிச்சாவளா?” என்றாள், கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

“மொதல்ல சிரிச்சாங்க. நீங்க கேட்ட கேள்விய நான் சொன்னதுக்கப்புறம் யாரும் சிரிக்கல.”

“அந்த ஐயா?”

“தேங்காயப் பிடிச்சுண்டு நின்னார்.”

“தேங்காயும் குடுத்தியளாக்கும்! இங்க கொண்டாந்திருந்தா துவையலாவது அரைச்சிருப்பேன்” என்றாள். செல்வம் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கீரைக் காம்பைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள்.

“நான் சொன்னத எதுல சொன்னிய? இந்திலயா?”

“உங்க இந்திலயே, அப்படியே சொன்னேன்.”

“அய்யே! அத்தன படிச்சவுக முன்னால. அது பூராத் தப்பால்லா இருக்கும்?”

“ஒரு தப்பும் இல்லக்கா” என்றேன். “நீங்க சொன்னதுல ஒரு தப்பும் இல்ல.”

இதே வாக்கியத்தை அவளிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். என்றைக்கும் தலையை ஆட்டி ஒதுக்கிவிடுவாள். அன்று ஒதுக்கவில்லை. கீரையை முறத்தோடு தள்ளி வைத்தாள், கையை உதறினாள், தம்பி பக்கம் திரும்பினாள்.

“ஏல செல்வம், என்ன பாத்துட்டே இருக்க? டாக்டரம்மா சாப்பிடாம வந்திருக்காவ, ஒரு காப்பி போடணும்லா? சுருக்கா போயி பால் வாங்கிட்டு வால.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

செல்வம் கையை ஊன்றாமல் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு, சுருக்காகத்தான் போனான்.